இடுப்பு மூட்டு வலிக்குத் துளை ஆபரேஷன்: எந்த வயதில் எவ்வளவு பலன்?



மணலி புதுநகர், இடையஞ்சாவடி, வெள்ளிவாயல் பக்கம் வீடு வீடாகப் போகும்போது இப்படிச் சொல்பவர்கள் உண்டு: "கவட்டைப் பக்கம் பிடிச்சுக்குதுங்க. குந்தி எழுந்திருக்க முடியலை. லாரியிலே ஏறி இறங்க முடியலை." கொஞ்சம் பேசியபிறகு மெதுவாகக் கேட்பார்கள்: "துளை போட்டே சரி பண்ணிடலாமாமே? இந்த வயசுக்கு அது சரிப்படுங்களா?"

கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ ஆபரேஷனுக்குப் போகும் முன்பு, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

மூட்டு எப்படி இருக்கிறது?

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் ஒரு பந்தும். தொடை எலும்பின் தலைதான் பந்து. இரண்டின் மேலும் வழவழப்பான ஜவ்வு மெத்தை போர்த்தியிருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் போல ஒரு வளையம் உண்டு.

சிலருக்குப் பந்தின் கழுத்திலோ கிண்ணத்தின் ஓரத்திலோ எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும். குந்தும்போதும் காலை மடக்கித் திருப்பும்போதும் அது விளிம்பில் இடிக்கும். நாளாவட்டத்தில் வளையம் கிழியும், மெத்தையும் உராயும். வலி பெரும்பாலும் கவட்டையில்தான் தெரியும்.

துளை ஆபரேஷன் என்றால் என்ன?

துளை ஆபரேஷன் என்றதும் பல பேருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்தான் ஞாபகத்துக்கு வரும். வழி அதேதான், இடம்தான் வேறு. இது கருப்பையையோ ஆண்மையையோ தொடுவதில்லை.

மயக்க மருந்து கொடுத்து, காலை இழுத்துப் பிடித்து, மூட்டைச் சற்றே விலக்குவார்கள். இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் உள்ளே போகும். கிழிந்த வளையத்தைத் தைப்பார்கள், புடைத்த எலும்பைச் சீவுவார்கள். தேய்ந்துபோன மெத்தையைப் புதிதாக்க இந்த ஆபரேஷனால் முடியாது. இந்த ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள்.

வயதுக்கு வயது பலன் எப்படி?

அமெரிக்காவில் கலிபோர்னியா, புளோரிடா ஆகிய இரு மாநிலங்களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 7,351 பேரைக் கணக்கெடுத்து 2016ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். 40 வயதுக்குக் கீழே இருந்தவர்களில், இரண்டு வருஷத்துக்குள் மூட்டையே மாற்றும் பெரிய ஆபரேஷனுக்குப் போனவர்கள் 100க்கு 3 பேர்தான். 60 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 100க்கு 35 பேர். அதாவது மூன்றில் ஒருவருக்கு முதல் ஆபரேஷன் போதவில்லை. இரண்டு செலவு, இரண்டு வேதனை.

"அப்படின்னா நாற்பது தாண்டினா இது வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. 40 வயதைத் தாண்டி, வளையம் கிழிந்து, ஆனால் மெத்தை அதிகம் தேயாத 90 பேரை வைத்து பாஸ்டன் நகர மருத்துவர்கள் சோதித்தார்கள். ஆபரேஷனும் உடற்பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட ஒரு வருஷம் கழித்து நன்றாக இருந்தார்கள். இது 2021இல் வெளிவந்தது.

ஆகவே வயது ஓர் அடையாளம் மட்டுமே. தீர்மானிப்பது மெத்தை. எக்ஸ்ரேயில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே தெரியும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நம்பிக்கை உண்டு. அதற்குக் குறைந்தால் துளை ஆபரேஷன் பெரும்பாலும் கைகொடுக்காது.

இளவயது என்று மட்டும் தைரியப்பட வேண்டாம். அதிகக் குடியாலோ, ஸ்டீராய்டு மருந்தை நாள்பட எடுப்பதாலோ, பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது உள்ளுக்குள் நொறுங்குவது உண்டு. முப்பது வயதிலும் இது வரும். அப்போது வைத்தியமே வேறு.

முதலில் பயிற்சி

எல்லோருக்கும் உடனே ஆபரேஷன் தேவையில்லை. இங்கிலாந்தில் 18 முதல் 60 வயது வரை உள்ள 222 பேரைக் கவனித்து 2019இல் வெளியிட்ட சோதனையில், எட்டு மாதம் கழித்து நல்ல குணம் கண்டவர்கள் ஆபரேஷன் பிரிவில் 100க்கு 51 பேர், பயிற்சிப் பிரிவில் 32 பேர். ஆபரேஷன் பலன் அதிகம்தான். ஆனால் செய்துகொண்டவர்களிலும் பாதிப் பேருக்கு எதிர்பார்த்த குணம் இல்லை. கத்தியே இல்லாமல் மூன்றில் ஒருவர் தேறினார். ஆகவே மூன்று மாதமாவது முறையாகப் பயிற்சி செய்து பாருங்கள். தாழ்வான மணை, குந்தும் வேலை, பாரம் தூக்குவது ஆகியவற்றைக் குறையுங்கள். உடல் எடையையும் குறையுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. வலி இடுப்பு மூட்டிலிருந்தா, முதுகுத் தண்டிலிருந்தா?
2. எக்ஸ்ரேயில் இடைவெளி எவ்வளவு? மெத்தை எவ்வளவு மிச்சம்?
3. பயிற்சி மட்டும் போதுமா?
4. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மூட்டு மாற்ற வேண்டி வருமா?
5. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இது சேருமா?

ராயபுரம் பக்கத்தில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே காட்டிக் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின்

சில வாரம் ஊன்றுகோல் வேண்டும். கனமான வேலைக்குத் திரும்பப் பொதுவாக மூன்று நான்கு மாதம் ஆகும். அந்த மாதங்களின் கூலியையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். காலை இழுத்து வைப்பதால் கவட்டையிலும் பிறப்புறுப்புப் பக்கமும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தாம்பத்தியத்தை எப்போது தொடங்கலாம், இடுப்பை எப்படித் திருப்பக்கூடாது என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இதைக் கேட்பது தவறே இல்லை.

உடனே போக வேண்டியவை: காய்ச்சலோடு இடுப்பு வலி, விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, குழந்தை நொண்டுதல். இவற்றுக்குப் பயிற்சி செய்து பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

அம்மா வலியை மறைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம். ஐயா வலியை மறைத்துக்கொண்டு மூட்டை தூக்க வேண்டாம். டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள்.

வயதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூட்டின் நிலையைப் பார்த்து முடிவெடுங்கள்!