மாடியில் பேனல், வீட்டில் இருட்டு

“மாடியில சோலார் போட்டாச்சு சார், இனிமே எங்க வீட்டுக்குக் கரண்ட் கட்டே கிடையாது.”

2024 பிப்ரவரியில் ‘சூர்யா கர்’ திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்ததிலிருந்து இதைக் கேட்காத வாரம் இல்லை. சொல்பவர்கள் படித்தவர்கள். அவர்களில் பொறியியல் பட்டதாரிகளும் உண்டு. அதுதான் எரிச்சல்.

தெருவில் கரண்ட் போனால் உங்கள் சோலாரும் போகும். மானியத்தில் பெரும்பாலோர் வாங்குவது பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் வகை. உச்சி வெயிலில் பேனல் தகித்துக்கொண்டிருந்தாலும், லைன் செத்த இரண்டு விநாடிக்குள் அந்த இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். “வாரண்டியில மாத்தித் தர மாட்டேங்கிறாங்க” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். மாற்றித் தர அதில் பழுது ஒன்றும் இல்லை. அணைய வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

ஏன்? கம்பத்தில் ஏறியிருக்கும் வயர்மேனை நினைத்துப் பாருங்கள். சப்ளையை நிறுத்தியாயிற்று என்று நம்பிக் கம்பியில் கை வைக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் எதிர்த்திசையில் வந்தால் அவர் கதி என்ன? மேலே உயரழுத்த லைனில் வேலை என்றால் இன்னும் மோசம். தெரு டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் வீட்டு 230 வோல்ட்டை 11,000 வோல்ட்டாக ஏற்றி அவர் கைக்கு அனுப்பிவைக்கும். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் ஓட்டுபவர்களால் வருகிற ஆபத்தும் இதே வகைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் கிரிட்டின் 50 ஹெர்ட்ஸைப் பின்தொடர்கிற கருவி. தம்பூரா சுருதியைப் பிடித்துக்கொண்டு பாடுகிற பாடகர் மாதிரி. தம்பூரா நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

கட் நேரத்திலும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்கென்று அந்தத் திட்டத்தில் தனி மானியம் இல்லை. ஆன்-கிரிட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். பில் கணிசமாக இறங்கும். பில் இறங்குவதையும் மின்வெட்டு ஒழிவதையும் ஒன்றாகக் குழைத்து விற்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். வாங்குகிறவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

தவிர, நகரத்து வீடுகளில் இன்று கரண்ட் போவதற்கும் மின்சாரம் எங்கே உற்பத்தியாகிறது என்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. மரக்கிளை, பழைய கேபிள், ஏசி பெருகிச் சுமை தாங்காமல் போன டிரான்ஸ்ஃபார்மர், மாதாந்திரப் பராமரிப்பு. பேனல் போட்டு இவற்றில் எதைச் சரிசெய்யப் போகிறீர்கள்?

இந்த வதந்திக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்: “எல்லா மாடியிலும் பேனல் போட்டால் அனல் மின் நிலையங்களை இழுத்து மூடிவிடலாம்.” லோட் டிஸ்பாட்ச் மையத்தில் ஒரே ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் இப்படிச் சொல்லத் தோன்றாது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாநிலத்தின் சூரிய மின் திறனோ 10,000 மெகாவாட் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் மதியம் கொட்டுகிற அந்த மின்சாரம் சாயங்காலம் ஆறரைக்கு ஏறக்குறைய பூஜ்யம். ஊரே வீடு திரும்பி விளக்கையும் ஏசியையும் போடுகிற நேரம் அது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

நிலக்கரியிலிருந்தா? குளிர்ந்துபோன கொதிகலனைச் சூடாக்கி யூனிட்டைக் கிளப்பப் பல மணி நேரம் ஆகும். அதனால் சாயங்காலத் தேவைக்காக மதியமும் அதைப் பாதிச் சுமையில் எரியவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நிலக்கரியும் ஒடிசாவிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வர வேண்டும். அணு உலை ஒரே சீராக ஓடும், ஏற்றி இறக்கினால் பிடிக்காது. கூடங்குளத்தில் ஒரு யூனிட் டிரிப் ஆனால் 1,000 மெகாவாட் ஒரே நொடியில் காணாமல் போகும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை அள்ளித் தரும், தை மாசியில் இறக்கைகள் தூங்கும். சொன்ன நிமிஷத்தில் எழுந்து ஓடுவது நீர் மின்சாரம்தான். அதுவோ இருப்பது கொஞ்சம், அந்தத் தண்ணீருக்குப் பாசனமும் உரிமை கொண்டாடும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சைச் செலவழிக்க மாட்டேன்.

வெயில் கொளுத்தக் கொளுத்த பேனல் கூடுதலாகத் தரும் என்பது தப்பு. அதற்கு வேண்டியது வெளிச்சம். 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும்.

காற்றாலை மழையை விரட்டுகிறது என்பது சுத்த அபத்தம். மழை மேகம் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்பது. இறக்கையின் நுனி எட்டுவது சுமார் இருநூறு மீட்டர்தான். மலைமறைவில் ஏற்கெனவே மழை குறைந்த கணவாய் வாசல்களில்தான் பெரும்பாலான காற்றாலைகளை நட்டார்கள்.

2012-இன் மின்வெட்டைக் கூடங்குளம் தீர்த்தது என்பது பாதி உண்மை. அதன் முதல் யூனிட் வணிக உற்பத்திக்கு வந்ததே 2014 டிசம்பர் கடைசியில்தான். அதற்குள் வல்லூர், வட சென்னை, மேட்டூரில் புது அனல் யூனிட்டுகள் வந்துவிட்டன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன், தென் மண்டல கிரிட்டை நாட்டின் மற்ற பகுதியோடு இணைத்தது. அந்தக் கம்பிக்கு யாரும் மாலை போடவில்லை.

சரி, மதிய வெயிலைச் சாயங்காலத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? பேட்டரி என்று இளைஞர்கள் சொல்வார்கள், வரட்டும். எனக்குக் கடம்பாறை. ஆனைமலையில் 1980களின் கடைசியிலிருந்து ஓடுகிற 400 மெகாவாட் நீரேற்று நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றும்; தேவை ஏறும்போது திறந்துவிட்டு டர்பைனைச் சுழற்றும். ஏற்ற 4 யூனிட் செலவழித்தால் ஏறத்தாழ 3 யூனிட்தான் திரும்பி வரும், அதற்காக மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. காற்றுக் காலத்தில் “கிரிட் தாங்காது, நிறுத்து” என்று காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறோமே, அங்கே நாலும் நஷ்டம்.

நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே போன்ற ஒரு திட்டத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி–எமரால்டு என்று இரண்டு நீர்த்தேக்கமும் ஏற்கெனவே இருக்கிற இடம் அது. வேட்பாளரிடம் இலவச பேனல் கேட்கிறவர்கள், குந்தா ஏன் இவ்வளவு தாமதம் என்றும் கேட்டுப் பாருங்களேன்.