கறுப்புத் திருகாணியும் கடற்காற்றும்

அறுகம்பே உல்லையில் ஒரு விடுதி அறை. ஜிப்சம் சீலிங்கை அண்ணாந்து பார்த்தால், வெள்ளைப் பெயின்ற்றின் மேல் சாணுக்கு ஒன்றாகப் பழுப்புப் பொட்டுகள், நூல் பிடித்தாற்போல் வரிசையாக. பூட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு பொட்டுக்கும் உள்ளே ஒரு கறுப்புத் திருகாணி துருவேறிக் கிடந்தது.

“கறுப்பு ஆணி உரமானது, துருப்பிடிக்காது” என்று பொத்துவில் முதல் கல்முனை வரை ஓடாவிமார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உரம் என்பது பாதி உண்மை. கடினமாக்கிய உருக்கு அது. ஆனால் பக்கவாட்டில் பாரம் ஏறினால் வளையாமல் பட்டென்று முறியும். துருப்பிடிக்காது என்பது முழுப் பிழை. அந்தக் கறுப்பு வெறும் பொஸ்பேற்றுப் பூச்சு. காய்ந்த உள்ளறைக்குப் போதும். மாரியில் வாடைக்காற்று உப்பையும் ஈரத்தையும் அள்ளிவரும் அறுகம்பேயில் அது நிற்காது. சித்திரையில் சுற்றுலா சீசன் தொடங்குமுன் முடிக்கவேண்டும் என்று இங்கே வேலை நடப்பதும் அந்த ஈர மாதங்களில்தான். போர்டைப் பூட்டும் தகரக் காலுக்கு நாகம் பூசியிருக்கிறது. அதில் பூட்டும் ஆணிக்கும் நாகப்பூச்சு வேண்டாமா? கடைக்குப் போனால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

“மரத்துக்குப் போடும் ஆணியே தகரத்துக்கும் போதும்” என்பதும் பிழை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மரத்துக்கானதில் புரிகள் அகல அகலமாக இருக்கும். அரை மில்லிமீற்றர் தகரத்தில் அது பிடியில்லாமல் சுற்றி, துளையைப் பெரிதாக்கிவிடும். நெருக்கமான புரிதான் தகரத்தைக் கவ்வும். தகரம் 0.8 மில்லிமீற்றரைத் தாண்டினால் கூர்முனை உள்ளே இறங்காது. துளைக்கும் முனையுள்ள ஆணி வேண்டும்.

நீளம் கூடினால் பிடியும் கூடும் என்பார்கள். ஆனால் 12.5 மில்லிமீற்றர் போர்டு ஒன்றுக்கு 25 மில்லிமீற்றர் ஆணி போதும். முனை தகரத்தைத் தாண்டிப் பத்து மில்லிமீற்றருக்கு மேல் வெளியே வந்துவிடும். அதற்கு மேல் நீண்டால் காலுக்குள் ஓடும் கரண்ட் வயரைத்தான் குத்தும்.

தலையை ஆழமாக இறக்குவதும் நல்லதல்ல. போர்டைத் தாங்குவது மேலே ஒட்டிய தாள். தலை தாளைக் கிழித்துக்கொண்டு போனால், பிறகு பிடிப்பதற்கு உதிரும் ஜிப்சம் மட்டும்தான். சின்னக் குழி விழும் அளவோடு நிறுத்தவேண்டும். தாள் கிழிந்துவிட்டால் சற்றுத் தள்ளி இன்னொன்று.

உல்லை சீலிங்கைக் கழற்றும்போது நானும் நின்றேன். துருத் தின்ற தலைகளில் பிட் பிடிக்காமல் வழுக்கியது. நல்ல போர்டுகளையும் பிய்த்துத்தான் எடுத்தார்கள்.