சோதனைக் குழாயின் மேல் கோடுகள்

வடகரப்பதியில் ஒருவரின் குருதியைச் சோதனைக் குழாயில் எடுத்துப் பாலக்காட்டு ஆய்வகத்திற்கு அனுப்புவதாகக் கொள்வோம். அங்கு அவர் முகம் அறிந்தார் இலர். குழாயில் ஒட்டிய பட்டைக்குறியே அவருக்குப் பெயர். ஒளிக்கருவி அதனைப் படிக்காவிடில் எண்ணைக் கையால் பதிய நேரும். ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் ஒருவர் நோய் மற்றொருவர் கணக்கில் ஏறிவிடும்.

1974-இல் அமெரிக்கக் கடையொன்றில் இன்றைய வடிவக் குறியோடு முதலில் விற்கப்பட்டது ஒரு சூயிங்கம் பொட்டலம். தட்டைப் பரப்பில் படிப்பது எளிது, குழாயோ உருண்டை. கோடுகளைக் குழாயின் நீளவாட்டில் இட்டால் ஓரக்கோடுகள் வளைந்து மறையும். ஏணிப்படிபோல் குறுக்கே இட்டால் அனைத்தும் ஒருங்கே தெரியும்.

பேருந்துச் சீட்டின் எழுத்து மங்குவதைக் கண்டிருப்பீர்கள். நெடுநாள் வைக்கும் மாதிரிகளுக்கு அத்தகைய வெப்பத்தாள் ஆகாது. மைநாடா அச்சே வேண்டும்.

செயல்: பேனாவின் மேல் தாள் சுற்றி, இருவகையிலும் கோடிட்டுப் பாருங்கள்.