சென்னைக் குளிரும் கோழிக்குஞ்சும்

"சென்னையில ஏதுங்க குளிரு?" என்று கேட்பவர்கள் கோழிக்குஞ்சிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். மார்கழி விடியற்காலையில் நம் ஊர் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கும். நமக்கு ஒரு போர்வை போதும். பொரித்து வந்த குஞ்சுக்கோ முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். துண்டு விழுவது 15 டிகிரி. இந்தக் கணக்கு எனக்குப் புரிய 19 குஞ்சுகள் செலவாயின.

வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் திருவொற்றியூர் வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். 2023 நவம்பர் கடைசியில் பொரிப்பான் பெட்டியில் 26 குஞ்சுகள் கிடைத்தன. பல்பு வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தன. டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் புயல் மழையில் கரண்ட் போனது. திரும்பி வர இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. கொல்லையில் தண்ணீர். பெட்டியை மாடிப்படிக்கு அடியில் வைத்துத் துணி போர்த்தினேன். துணி சூட்டைக் காக்குமே தவிர, உண்டாக்காது. மிஞ்சியவை ஏழு.

பின்வீட்டில் மீன் விற்கும் ஆயா ஒருத்தர் இருக்கிறார். பரண்மேல் கூடையில் அவருடைய தாய்க்கோழி ஒன்பது குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. "கரண்ட்ட நம்பி குஞ்சு வளத்தா இப்டித்தான் சார் ஆவும். கோழிக்கு இன்னா சுவிச்சா கீது?" என்றார். அன்று அவரிடம் கற்றதோடு, பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அடை வைப்பது

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அடைக்கு உட்காரும் கோழிக்கு வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து, தோலே நேராக முட்டையில் படும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் 12 முட்டை வைக்கலாம். மழை, குளிரில் எட்டு ஒன்பதோடு நிறுத்துங்கள். அதிகம் வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து, எல்லாமே கெடும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்பு ஓடினால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரிக்கும்.

பொரித்த பின்

பஞ்சுபோன்ற மயிர் மட்டும் உள்ள குஞ்சால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. இறகு முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறையுங்கள். வெப்பமானி இல்லையா? குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கடியில் குவிந்தால் குளிர். வாயைத் திறந்து விலகி நின்றால் சூடு அதிகம். ஒரே மூலையில் ஒண்டினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்திருந்தால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

குண்டு பல்புதான் சூடு தரும்; எல்.இ.டி. வெளிச்சத்தோடு சரி. குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வையுங்கள்.

எங்கள் பக்கம் வாடைக்காற்றோடு கடல் ஈரமும் சேர்ந்து வரும். காற்று வரும் பக்கம் சாக்குத் திரை கட்டி, மேலே ஒரு சாண் திறந்து விடுங்கள். முழுக்க மூடினால் எச்சத்தின் காரநெடி குஞ்சின் மூச்சைக் கெடுக்கும். தரையில் இரண்டு அங்குலம் உமி. நனைந்த உமியை அன்றன்றே மாற்றாவிட்டால் ரத்தக்கழிச்சல் வரும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம். தீவனம் முதலில் நொய்யும் உடைத்த கம்பும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால்

வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவில் வையுங்கள். ஆறுவதற்குள் மாற்றுங்கள். கரி அடுப்பை மூடிய அறையில் வைக்கவே வைக்காதீர்கள்; அந்தப் புகை குஞ்சோடு ஆளையும் கொல்லும்.

இப்போதும் பொரிப்பான் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் முட்டை வைக்கும் அன்றே ஒரு கோழியையும் அடை வைக்கிறேன். இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். அன்று ராத்திரி இருட்டில் பெட்டிக் குஞ்சுகளில் நாலைந்தை அதன் சிறகுக்கடியில் தள்ளிவிட்டால், விடிந்ததும் எல்லாம் அதற்குத் தன் பிள்ளைதான். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு பொரிக்க வைப்பதில்லை. தை பிறந்ததும் அடை வைத்தால், மாசி வெயில் குஞ்சுக்குக் காவல்.

போன தையில் ஆயாவிடமே ஒரு அடைக்கோழி வாங்கினேன். ஒன்பது முட்டை, எட்டுக் குஞ்சு. எட்டும் இப்போது கொல்லையைக் கிளறிக்கொண்டிருக்கின்றன.