நல்லதைக் கண்டுகொள்வோம்: குழந்தை வளர்ப்பில் பாராட்டின் இடம்





மஃரிப் தொழுகைக்கும் இஷாவுக்கும் இடையில் நம் வீடுகளில் கேட்கும் பேச்சைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். "இன்னும் ஓத உட்காரலையா?" "போனைக் கீழே வை." "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார், எப்படிப் படிக்குது!" இவற்றுக்கு நடுவே, பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்றைக் குறிப்பிட்டு நாம் சொன்ன சொல் எத்தனை?

படூரில் பல வீடுகளில் அத்தா சிறுசேரியிலோ ஓ.எம்.ஆர். சாலையில் வேறு எங்கோ வேலை முடித்து வர இரவு எட்டு, ஒன்பது மணி ஆகிறது. பிள்ளையோடு கிடைப்பதே ஒரு மணி நேரம். அதுவும் குறை சொல்வதிலேயே கரைந்தால், ஓதுவதும் படிப்பதும் தொழுவதும் பிள்ளையின் மனதில் திட்டு வாங்கும் வேலைகளாகவே பதிந்துவிடும். நமக்கு அஞ்சித் தொழுத பிள்ளை, அந்த அச்சம் போன வயதில் என்ன செய்யும்? இதை நினைத்துத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

பாராட்டு எப்படி வேலை செய்கிறது?

ஒரு செயலைச் செய்தவுடன் இனிமையான விளைவு கிடைத்தால், அந்தச் செயல் திரும்ப நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் (1904–1990) இதை விரிவாக ஆராய்ந்தார். ஊக்குவித்துப் பழக்கும் முறை என்று இதைச் சொல்லலாம்.

பிள்ளைக்கு மிக இனிமையான பரிசு மிட்டாய் மட்டுமல்ல; பெற்றோரின் கவனமும்தான். தம்பியோடு அமைதியாக விளையாடும்போது நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. தம்பியை அடித்தவுடன் அடுப்படியிலிருந்து ஓடி வருகிறோம். அடித்தால்தான் அம்மா வருவாள் என்று நாமே அறியாமல் கற்றுக்கொடுத்து விடுகிறோம். அமைதியாக விளையாடும்போதே அருகில் போய், "தம்பிக்கு விட்டுக்கொடுத்து விளையாடுறியே, மாஷா அல்லாஹ்" என்று சொன்னால் பாடம் நேராகிவிடும்.

நபிவழியில் நாம் காண்பது

இளைஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தாம் கண்ட கனவொன்றைத் தம் சகோதரி ஹஃப்ஸா (ரலி) மூலம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்கள் முதலில் அவரை நல்ல மனிதர் என்று பாராட்டினார்கள். பிறகு, இரவில் தொழுபவராகவும் இருந்தால் எவ்வளவு நன்று என்ற கருத்தைச் சொன்னார்கள். அதன்பின் இப்னு உமர் இரவில் சிறிது நேரமே உறங்குபவராக ஆனார்கள் என்று அவருடைய மகன் ஸாலிம் அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. "ஏன் தொழுவதில்லை?" என்ற கேள்வியே அங்கு இல்லை. இருக்கும் நன்மையைச் சொல்லி, அடுத்த படியைக் காட்டினார்கள்.

சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, நபியவர்கள் பிழையைப் பெரிதுபடுத்தவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்வது, வலக்கையால் உண்பது, தனக்கு முன்னால் இருப்பதை உண்பது என்று செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், நபியவர்கள் தம்மைப் பார்த்து ஒருமுறைகூடச் "சீ" என்று சொன்னதில்லை என்கிறார்கள்.

ஆஷூரா நோன்பில் பிள்ளைகள் பசியால் அழுதபோது, அன்றைய தாய்மார்கள் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை அவர்களை ஈடுபடுத்தினார்கள். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. கடினமான அமலோடு ஒரு மகிழ்ச்சியைச் சேர்த்துவிட்டார்கள்.

இமாம்களின் அறிவுரை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505) தம் இஹ்யாவில் குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சொல்கிறார்கள்: பிள்ளையிடம் நல்ல குணம் தெரிந்தால் அதைக் கண்ணியப்படுத்தி, மகிழும்படி பரிசளித்து, பிறர் முன் பாராட்ட வேண்டும். எப்போதாவது தவறினால் காணாததுபோல் விட வேண்டும். மீண்டும் செய்தால் தனியாகக் கண்டிக்க வேண்டும். எந்நேரமும் திட்டினால் திட்டுக்கே மதிப்பில்லாமல் போகும் என்றும் எச்சரிக்கிறார்கள். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: விருந்தாளி முன் குறை சொல்கிறோம், பாராட்டை மனதுக்குள் வைத்துக்கொள்கிறோம்.

1377-இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கடுமையாக நடத்தப்படும் மாணவன் சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளப்படுகிறான் என்று எழுதினார். அடிக்கு அஞ்சி ஒன்றைச் சொல்லி, மனதில் வேறொன்றை வைக்கப் பழகுகிறான்.

நம் பள்ளிகளில் நடந்த மாற்றம்

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியின் அனுபவமே அதற்கு வழிகாட்டி. 2007–08-இல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படிபோல் வரிசையாக்கப்பட்டது. ஒரு படியை முடித்த பிள்ளை அடுத்த படிக்குப் போகும். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பீடு இல்லை. நேற்று இருந்த படியோடுதான் ஒப்பீடு. அந்த வகுப்புகளில் பாயில் அமர்ந்து படித்தவர்களில் சிலர் இன்று பெற்றோராகவே இருக்கலாம்.

அந்த ஏணியை வீட்டிலும் வைக்கலாம். "இந்த மாதம் ஒரு பெரிய சூராவை மனனம் செய்" என்பது எட்டாத உயரம். "இன்று ஒரு ஆயத்" என்பது ஒரு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு நல்ல சொல் சொல்ல இடம் கிடைக்கும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. பள்ளியில் தவறானது, வீட்டில் மட்டும் சரியாகிவிடாது.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது: பரிசு லஞ்சமாகக் கூடாது. 1973-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், படம் வரைவதை விரும்பிய சிறு பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே அவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. எனவே "ஓதினால் பத்து ரூபாய்" என்று பேரம் வேண்டாம். ஓதி முடித்தபின் எதிர்பாராமல் கடைக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைக்கு விருப்பமே இல்லாத வேலையைத் தொடங்கி வைக்கச் சிறு பரிசு உதவலாம். பழக்கம் வந்ததும் மெல்லக் குறைத்துவிடுங்கள்.

இரண்டாவது: "நீ அறிவாளி" என்று ஆளைப் புகழாதீர்கள். 1998-இல் வெளிவந்த முல்லர், டுவெக் ஆய்வில், அறிவைப் புகழப்பட்ட பிள்ளைகள் தோற்றுவிடுவோமோ என்று எளிய கணக்கையே தேடினார்கள். முயற்சியைப் பாராட்டப் பெற்றவர்கள் கடினமானதையும் எடுத்தார்கள். "மூன்று தடவை தப்பாக வந்தும் விடாமல் போட்டியே" என்பதே சரியான பாராட்டு.

"பத்து வயதில் அடிக்கச் சொல்லியிருக்கிறதே?"

தொழுகை பற்றிய ஹதீஸைச் சொல்லிப் பல பெற்றோர் இப்படிக் கேட்கிறார்கள். அதன் சட்ட விளக்கத்தையும் வரம்புகளையும் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். ஆனால் ஒரு கணக்கு. ஏழு வயதில் ஏவச் சொல்லப்பட்டது. ஏழிலிருந்து பத்துவரை மூன்று ஆண்டுகள், நாளுக்கு ஐந்து வேளை. ஐயாயிரம் தடவைக்கும் மேல் அன்போடு அழைத்திருக்க வேண்டும். அந்த ஐயாயிரத்தில் எத்தனை தடவை நாம் அழைத்தோம்? எத்தனை தடவை கைப்பிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனோம்?

இந்த இரண்டு வாரத்துக்குப் பயிற்சி

1. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, சொல்லாமலே ஓத உட்காருவது.
2. அதில் சிறு முன்னேற்றம் தெரிந்தாலும் அந்த நிமிடமே, என்ன செய்தது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.
3. பாராட்டின் வாலில் குத்தலைக் கட்டாதீர்கள். "இன்னைக்காவது உட்கார்ந்தியே" என்பது பாராட்டு அல்ல.
4. சிறிய தவறைக் கண்டும் காணாமல் விடுங்கள். ஆபத்தானதையும் பிறரை நோகச் செய்வதையும் உடனே, தனியாக, சுருக்கமாகத் திருத்துங்கள்.
5. இரவில் வரும் அத்தாவிடம் அம்மா பிள்ளையின் குறையைச் சொல்வதற்கு முன், அன்று செய்த ஒரு நல்லதை அது கேட்கும்படி சொல்லட்டும்.

முதல் சில நாள் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம், விட்டுவிடாதீர்கள். வேலை அசதியில் குரல் உயர்ந்துவிட்டால், மறுநாள் மீண்டும் தொடங்குவோம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தரும்படி துஆ செய்கிறோம். அந்தக் கண்களால் அவர்களின் நன்மையைப் பார்க்கவும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.