ஸ்டெப் தவறுதா? டிரைவரை மாற்றும் முன் கம்ப்யூட்டரைப் பாரு!

மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி, லினக்ஸ் சிஎன்சி ஏற்றி, பேரலல் போர்ட் வழியாக மெஷினை ஓட்டப் பார்க்கிறாயா? நல்ல காரியம் கண்ணு. ஆனால் நடு வேலையில் மோட்டார் உறுமி நின்றதும் டிரைவர், பவர் சப்ளை என்று கடைக்கு ஓடாதே. கொஞ்சம் உட்கார்.

பேரலல் போர்ட்டில் ஓட்டும்போது, ஸ்டெப்பர் மோட்டாருக்குப் போகும் ஒவ்வொரு துடிப்பையும் கம்ப்யூட்டரேதான் அனுப்புகிறது. 25 அல்லது 50 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை அது தவறாமல் விழித்து வேலை செய்ய வேண்டும். ஒரே ஒரு முறை தாமதமாக விழித்தாலும் துடிப்பின் இடைவெளி கலைந்து மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடலாம். மெஷினுக்கு அது தெரியவும் தெரியாது, தப்பான இடத்திலேயே வெட்டிக்கொண்டு போகும். அதனால் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று பார்க்காதே. மோசமான நேரத்தில் எவ்வளவு தாமதிக்கிறது என்று பார்.

1. அளக்காமல் எதிலும் கை வைக்காதே. லேட்டன்சி டெஸ்ட் என்ற சோதனை லினக்ஸ் சிஎன்சியிலேயே இருக்கிறது. அதில் 'மேக்ஸ் ஜிட்டர்' என்ற எண்ணை மட்டும் பார், மிக மோசமான தாமதம் அதுதான். நானோ செகண்டில் காட்டும். ஆயிரத்தால் வகுத்தால் மைக்ரோ செகண்ட். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று மூடிவிடாதே! சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் எப்போதும் நல்ல பிள்ளைதான். பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி போடு, ஜன்னல்களைத் திரை முழுக்க இழு, பாட்டு ஓட விடு, ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற கிராஃபிக்ஸ் சோதனையை இரண்டு மூன்று தடவை திறந்து வை. அப்படியே ஓடவிட்டு வேறு வேலையைப் பார்த்துவிட்டு வா.

2. எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள். 20 மைக்ரோ செகண்டுக்குள் என்றால் அருமை. 30 முதல் 50 வரை என்றால் ஓட்டலாம், வேகம் கொஞ்சம் குறையும். 100-ஐத் தாண்டினால் பேரலல் போர்ட் வழி துடிப்புக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஆகாது. 1000-ஐயே தாண்டினால், என்ன கார்டு போட்டாலும் அதை மெஷின் பக்கம் கொண்டு வராதே.

3. பயாஸுக்குள் போ. பாதி வியாதி அங்கேதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதிகள் எல்லாம் உனக்கு எதிரி. ஸ்பீட்ஸ்டெப், கூல் அண்ட் கொயட், சி-ஸ்டேட், அவற்றோடு ஹைப்பர் த்ரெடிங், போர்டோடு வரும் சவுண்ட், வைஃபை எல்லாவற்றையும் அணை. தூங்கப் போன ப்ராசசர் எழுந்து வரும் நேரம்தான் உன் தாமதம்.

'யுஎஸ்பி லெகசி சப்போர்ட்' என்று ஒன்று இருக்கும், அதை மறக்காதே. அது ஆனில் இருந்தால் பயாஸ் அவ்வப்போது லினக்ஸைக் கேட்காமலேயே ப்ராசசரைப் பிடுங்கிக்கொள்ளும். எஸ்எம்ஐ என்பது அதுதான். லினக்ஸால் அதைத் தடுக்க முடியாது. குறிப்பிட்ட இடைவெளியில் கணக்காக ஒரு பெரிய எண் எகிறுகிறதா? இதைத்தான் சந்தேகப்படு. அதை அணைத்தால் பயாஸ் திரையில் யுஎஸ்பி கீபோர்டு வேலை செய்யாமல் போகலாம். பழைய உருண்டை முனை கீபோர்டு ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்.

ஒன்றை மாற்று, சோதனையை ஓட்டு, எண்ணை நோட்டில் எழுது, பிறகு அடுத்ததுக்குப் போ. பத்தையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்?

4. போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ், கம்ப்யூட்டரின் ரேமைப் பங்கு போடும், அதனாலும் தாமதம் வரலாம். பழைய தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடந்தால் போட்டுப் பார். சில நேரம் இது ஒன்றே போதும்.

5. இரண்டு கோர் உள்ள ப்ராசசரா? க்ரப் கோப்பில் ஐசோல்சிபியூஸ்=1 என்று சேர்த்து, அப்டேட்-க்ரப் கொடுத்து, மறுபடி பூட் செய். ஒரு கோர் முழுக்க மெஷினுக்கென்று ஒதுங்கிவிடும். மற்ற வேலைகள் இன்னொரு கோரில் அடித்துக்கொள்ளட்டும். ஐடில்=போல் கொடுத்தாலும் எண் இறங்கும், ஆனால் ப்ராசசர் ஓய்வே இல்லாமல் காயும். ஃபேனில் தூசி அடைத்த கம்ப்யூட்டரில் அதைப் போடாதே.

6. யூநேம் -ஏ கொடுத்து கெர்னலைப் பார். அதில் 'ப்ரீஎம்ப்ட் ஆர்டி' என்றோ ஆர்டிஏஐ என்றோ இல்லையென்றால் சாதாரண கெர்னலில் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். மேலே சொன்னது எதுவும் பலிக்காது. பேரலல் போர்ட்டுக்குப் பல பழைய கம்ப்யூட்டர்களில் ஆர்டிஏஐ இன்னும் குறைந்த எண் காட்டும், முயன்று பார்.

7. காசைக் கரியாக்காதே:
• யுஎஸ்பியிலிருந்து பேரலல் போர்ட்டாக மாற்றும் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான். மெஷினுக்கு வேலைக்கே ஆகாது.
• லேப்டாப் வேண்டாம். பெரும்பாலும் அதன் மின்சேமிப்பை முழுசாக அணைக்க முடியாது.
• ரேம் கூட்டினால் ஜிட்டர் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.
• வர்ச்சுவல் மெஷினில் எடுத்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.
• செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் லினக்ஸ் சிஎன்சி லைவ் பென்டிரைவைக் கையோடு கொண்டு போ. கடையிலேயே பூட் செய்து சோதனை ஓட்டிவிட்டுப் பிறகு விலை பேசு.

8. இத்தனைக்கும் 40, 45-க்குக் கீழே இறங்கவில்லையா? கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுக் கணக்கைப் போடு. ஒரு ஸ்டெப்புக்கு 50 மைக்ரோ செகண்ட் வீதம் இரண்டு சுற்று வேண்டும் என்று வை: நொடிக்கு 10,000 ஸ்டெப். 200 ஸ்டெப் மோட்டார், எட்டில் ஒரு மைக்ரோ ஸ்டெப், 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப். நிமிடத்துக்கு 1875 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. டிரைவர் சுவிட்சை நாலில் ஒன்றுக்கு மாற்று. அதே கம்ப்யூட்டரில் 3750 கிடைக்கும். செலவில்லாத வைத்தியம் இது, ஆனால் யாரும் முதலில் செய்வதில்லை! மோட்டார் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடும், பரவாயில்லை. அதுவும் போதாதென்றால் மேசா போல, துடிப்பைத் தானே உருவாக்கும் கார்டு வாங்கு. அப்போது கம்ப்யூட்டர் ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை கட்டளை கொடுத்தால் போதும். 100 மைக்ரோ செகண்ட் ஜிட்டரும் தாங்கும்.

9. 'அன்எக்ஸ்பெக்டட் ரியல்டைம் டிலே' என்ற செய்தி திரையில் வந்தால் ஓகே அடித்துவிட்டுப் போகாதே. லினக்ஸ் சிஎன்சியை ஒரு முறை திறந்தால் அந்தச் செய்தியை ஒரு தடவைதான் காட்டும். ஒரு முறைதானே வந்தது என்று நினைக்காதே, அதன் பிறகு எத்தனை முறை தாமதித்ததோ தெரியாது. வேலையை நிறுத்திவிட்டு முதல் குறிப்பிலிருந்து ஆரம்பி.

10. பயாஸில் கை வைக்கும் முன்பே மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியை மாற்றிவிடு. சிஆர்2032 என்று கேள், எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். பழைய பேட்டரி செத்துப்போனால், கரண்ட் போய் வந்த அன்றைக்கு நீ அணைத்ததெல்லாம் பயாஸில் மறுபடி ஆன் ஆகிவிடும். காரணம் தெரியாமல் மெஷின் ஸ்டெப் தவறும். எல்லாம் சரியானதும் பயாஸ் திரை ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டி வை.