ஜன்னல் ஏன் உறைந்தது?
சி மொழியில் விண்டோஸ் புரோகிராம்: பிழை காணும் பாடம்

பக்கத்து வீட்டுப் பெண் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியும் கையுமாக வந்தாள். "மாமா, பாட்டிக்கு மருந்து நேரத்தை ஞாபகப்படுத்த ஒரு புரோகிராம் எழுதினேன். கம்பைல் ஆகிறது, ஒரு தப்பும் காட்டவில்லை. ஓடவிட்டால்தான் உறைந்துபோகிறது" என்றாள்.

பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மகனோடு இருக்க வந்தவர். தமிழ் தவிர வேறு எழுத்து வாசிக்கத் தெரியாது. காலை 8 மணிக்கு ஒரு மாத்திரை, பிற்பகல் 2 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று. பகலில் வீட்டில் வேறு யாரும் இல்லை. குறித்த நேரத்தில் திரையில் பெரிய தமிழ் எழுத்து வரவேண்டும். தேவை அவ்வளவுதான். ஆனால் ஜன்னல் புரோகிராம் எழுதத் தொடங்குவோர் செய்கின்ற பிழைகள் அநேகமாக எல்லாமே அதில் இருந்தன. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் அவற்றை வரிசையாக இங்கே தருகிறேன்.

முதலில் அடிப்படை

வகுப்பில் கற்கும் சி புரோகிராம் 'மெயின்' என்ற இடத்தில் தொடங்கி, எழுதவேண்டியதை எழுதி, கேட்கவேண்டியதைக் கேட்டு, தன் போக்கில் நடந்து முடியும். அங்கே புரோகிராம்தான் எஜமான். ஜன்னல் புரோகிராமில் இது தலைகீழ். 1985 நவம்பரில் வெளிவந்த முதல் விண்டோஸ் தொட்டு இன்றுவரை முறை ஒன்றுதான். விசையை அழுத்தினாலும், மவுஸை நகர்த்தினாலும், ஜன்னலை மூடினாலும் விண்டோஸ் ஒரு செய்தி அனுப்புகிறது. 'கெட்மெசேஜ்' அதை எடுக்கிறது. 'டிஸ்பேட்ச்மெசேஜ்' அதை நாம் எழுதிய விண்டோ புரொசீஜரிடம் சேர்க்கிறது.

வீட்டுக்கு வரும் தபால் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பிரித்து, ஆகவேண்டியதைச் செய்துவிட்டு, அடுத்த கடிதத்துக்கு உடனே வாசலுக்கு வந்துவிட வேண்டும். நமக்குத் தேவையில்லாத கடிதங்களை 'டெஃப்விண்டோபுரொக்' என்ற ஃபங்ஷனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எனவே எந்தப் பிழை வந்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: பதில் சொல்லாமல் விட்ட செய்தி எது? அதிக நேரம் எடுத்துக்கொண்ட பதில் எது? வாங்கிவிட்டுத் திருப்பித் தராத பொருள் எது?

1. ஜன்னலே தோன்றவில்லை

'கிரியேட்விண்டோ' தரும் விடை பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால், வேறு எந்த ஃபங்ஷனையும் அழைப்பதற்கு முன் 'கெட்லாஸ்ட்எரர்' என்று கேளுங்கள். 1407 என்று வந்தால், பதிவு செய்த வகுப்பின் பெயரும் ஜன்னல் உண்டாக்கும்போது கொடுத்த பெயரும் பொருந்தவில்லை. பதிவு செய்யும்போதே தோற்று 87 என்று வந்தால், ஸ்ட்ரக்சரின் அளவைக் குறிக்கும் முதல் உறுப்பை நிரப்ப மறந்திருக்கலாம். ஸ்ட்ரக்சர் முழுவதையும் முதலில் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்புவது நல்ல பழக்கம்.

எண்ணும் 0 என்றே வந்தால் விண்டோ புரொசீஜரைச் சந்தேகியுங்கள். எல்லாச் செய்திக்கும் பூஜ்யத்தையே பதிலாகத் திருப்பினால், ஜன்னல் பிறக்கும்போது வரும் 'என்சி-கிரியேட்' செய்திக்கும் பூஜ்யமே போகும். 'ஜன்னல் வேண்டாம்' என்று அதற்குப் பொருள்.

2. ஜன்னல் உறைகிறது

அந்தப் பெண் பிற்பகல் 2 மணி வரை காத்திருக்க 'ஸ்லீப்' என்று எழுதியிருந்தாள். கறுப்புத் திரை புரோகிராமில் அது சரி. இங்கே, கடிதம் வாங்க வேண்டியவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதற்குச் சமம். ஏறத்தாழ 5 விநாடி செய்திகளை எடுக்காவிட்டால், ஜன்னல் பதில் தரவில்லை என்று விண்டோஸ் தலைப்பிலேயே எழுதிவிடும். காத்திருப்பதற்கு 'செட்டைமர்' இருக்கிறது. 1000 என்று கொடுத்தால் சுமார் விநாடிக்கு ஒரு டைமர் செய்தி வரும். நீண்ட கணக்கு வேலை இருந்தால் தனி திரெட்டில் செய்யவேண்டும்.

டைமர் செய்திகளை எண்ணி மணி கணக்கிடுவதும் தவறு. புரோகிராம் வேறு வேலையில் இருந்தால் டைமர் செய்திகள் வரிசையில் சேர்ந்து நிற்பதில்லை. பல சேர்ந்து ஒன்றாகிவிடும். ஒவ்வொரு முறையும் 'கெட்லோக்கல்டைம்' மூலம் உண்மையான மணியைக் கேட்பதே சரி.

3. டைமர் வரவேயில்லை

திருத்தியபின் ஜன்னல் உறையவில்லை. ஆனால் 2 மணி ஆகியும் நினைவூட்டல் வரவில்லை. கணிப்பொறியின் விசிறி மட்டும் இரைந்து சுற்றியது. அந்த விசிறிச் சத்தம்தான் துப்பு.

ஜன்னலை வரையச் சொல்லி வருவது 'பெயின்ட்' செய்தி. அதற்குப் பதிலாக 'பிகின்பெயின்ட்', 'எண்ட்பெயின்ட்' இரண்டையும் அழைக்க வேண்டும். அவள் 'கெட்டிசி' வாங்கி வரைந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். வரைந்தாயிற்று என்பது விண்டோஸுக்குத் தெரியாது. எனவே பெயின்ட் செய்தி ஓயாமல் வருகிறது. டைமர் செய்தியோ வரிசையில் பெயின்டுக்கும் பின்னால் நிற்பது. முன்னால் நிற்பவர் நகராதவரை அதற்கு முறை வராது. பிழை வரைவதில் இருக்க, தவறிப்போனது மருந்து நேரம்.

மற்றொன்று: எழுதிய எழுத்து, ஜன்னலைச் சிறிதாக்கிப் பெரிதாக்கினால் மறைகிறது என்றால், பெயின்டுக்கு வெளியே வரைந்திருக்கிறீர்கள். டைமரில் தகவலை மட்டும் மாற்றி, 'இன்வேலிடேட்ரெக்ட்' சொல்லிவிட்டு, வரைவதைப் பெயின்டில் செய்யுங்கள்.

4. தமிழுக்குப் பதில் கேள்விக்குறி

நேரம் சரியாக வந்தது. ஆனால் 'மருந்து' என்ற இடத்தில் ஏழு கேள்விக்குறிகள்! நான்கெழுத்துச் சொல்லுக்கு ஏன் ஏழு? யூனிகோடில் ம, ர, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி என்று ஏழு குறியெண்கள். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாகிவிட்டது.

விண்டோஸ் ஃபங்ஷன்களில் எழுத்தைக் கையாள்பவை பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகள்: 'ஏ' என்று முடிவது ஒன்று, 'டபிள்யூ' என்று முடிவது மற்றொன்று. 'ஏ' வகை பழைய எழுத்து அட்டவணையை நம்புவது. தமிழுக்கு விண்டோஸில் அத்தகைய அட்டவணையே கிடையாது. யூனிகோடுக்கு உரியது 'டபிள்யூ' வகை. வகுப்பைப் பதிவு செய்வது, ஜன்னல் உண்டாக்குவது, டெஃப்விண்டோபுரொக், எழுத்து வரைவது அனைத்தும் அதே வகையாக இருக்கவேண்டும். கலந்தால், ஆங்கிலத் தலைப்பில்கூட முதல் எழுத்து மட்டும் தெரியும். மூலநிரலை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கம்பைலருக்கும் அதைத் தெரிவியுங்கள்.

5. காலையில் சரி, பதினோரு மணிக்குள் கோளாறு

கடிகாரமும் தெரியட்டும் என்று விநாடிக்கு ஒருமுறை வரைந்தாள். ஒவ்வொரு முறையும் 'கிரியேட்ஃபான்ட்' மூலம் ஒரு புது எழுத்துரு. திருப்பித் தரவில்லை. ஒரு புரோகிராம் வைத்துக்கொள்ளக்கூடிய இத்தகைய வரைபொருள்களுக்கு விண்டோஸ் வழக்கமாக விதிக்கும் வரம்பு 10,000. விநாடிக்கு ஒன்று என்றால் 2 மணி 46 நிமிடத்தில் தீர்ந்துவிடும். காலை 8 மணிக்குத் தொடங்கினால் பதினோரு மணிக்குள் பெரிய எழுத்து பொடி எழுத்தாகிவிடும். பிற்பகல் மாத்திரைக்குப் பாட்டியின் கண்ணுக்கு எதுவும் எட்டாது.

எழுத்துருவை ஒருமுறை மட்டும் உண்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் பழையதை 'செலக்ட்ஆப்ஜெக்ட்' மூலம் திரும்ப வைத்துவிட்டு, நம்முடையதை 'டெலிட்ஆப்ஜெக்ட்' செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்ற பத்தியைத் திறந்து பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது.

6. மூடினாலும் போகவில்லை

ஜன்னல் மறைந்தும் டாஸ்க் மேனேஜரில் பெயர் நின்றால், 'டெஸ்ட்ராய்' செய்திக்கு 'போஸ்ட்க்விட்மெசேஜ்' சொல்ல மறந்திருக்கிறீர்கள். அதைச் சொல்லியும் நின்றால் கெட்மெசேஜைப் பாருங்கள். அதன் இரண்டாம் இடத்தில் ஜன்னலின் எண்ணைக் கொடுத்திருந்தால், ஜன்னல் அழிந்தபின் அது -1 திருப்பும். பூஜ்யமல்லாத எதையும் 'தொடரலாம்' என்று எடுத்துக்கொள்ளும் வளையம் முடிவில்லாமல் சுற்றும். அந்த இடத்தில் பூஜ்யம் கொடுங்கள். விடை பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று சோதியுங்கள்.

ஓர் எச்சரிக்கை

பிழை தேடும்போது பெயின்டுக்குள் 'மெசேஜ்பாக்ஸ்' போடாதீர்கள். அந்தப் பெட்டியே மீண்டும் பெயின்ட் செய்தியைக் கொண்டுவந்து, பெட்டிமேல் பெட்டியாகக் குவியும். 'அவுட்புட்டீபக்ஸ்ட்ரிங்' மூலம் எழுதி டீபக்கரில் பாருங்கள்.

பயிற்சி: விநாடிக்கு ஒருமுறை மணியைத் தமிழ்ச் சொற்களோடு காட்டும் ஜன்னல் ஒன்றை எழுதுங்கள். மூன்று மணி நேரம் ஓடவிட்டு, ஜிடிஐ எண்ணைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தேர்ச்சி.

மறுநாள் பிற்பகல் 2 மணிக்குத் திரையில் 'மருந்து சாப்பிடுங்கள் பாட்டி' என்று வந்தது. பாட்டி எழுத்துக் கூட்டி வாசித்தார். ஆனாலும் சுவரில் ஒட்டிய மருந்துச் சீட்டைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கணிப்பொறி உறங்கினால் டைமரும் உறங்கிவிடும்.